மூளையின் மடைகள்

நுழையும்முன்

மருந்து என்றாலே உடலுக்குள் இல்லாத ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். உடலுக்குள் இடையறாது நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலைத் தடுத்து நிறுத்துவதும் மருந்தின் பணியே. மூளையிலுள்ள கொழுப்புப் பொருள்களைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, அதன்வழி வலியைத் தணிக்க இயலுமா என்னும் வினாவைத் தொடர்ந்து சென்ற அறிவியலாளரின் தேடலையும், அத்தேடல் 2016ஆம் ஆண்டு சந்தித்த உயிரிழப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கொழுப்பு என்னும் சொல் இன்று நற்பெயர் இழந்து நிற்கிறது. மருத்துவர் அதனைக் குறைக்கச் சொல்கிறார்; பேச்சுவழக்கில் அது செருக்கையும் குறிக்கிறது. ஆயினும், மூளைக்குக் கொழுப்பு மிகுதி என்று கூறினால் அது வசையாகாது, உடற்கூற்று உண்மையாகும். மூளையிலிருந்து நீரை முற்றிலும் அகற்றிவிட்டால் எஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புப் பொருள்களே. நரம்பணுக்களைச் சூழ்ந்துள்ள சவ்வும், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையும் அவற்றால் ஆனவை.

இக்கொழுப்பு வெறும் கட்டுமானப் பொருள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சுவருக்குச் செங்கல் எப்படியோ, நரம்பணுவுக்குக் கொழுப்பு அப்படி என்பதே அன்றைய எண்ணம். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இச்சுவரிலிருந்தே செய்திகளும் புறப்படுகின்றன என்பது தெளிவாயிற்று. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்கள் பலவும் முன்கூட்டியே உருவாக்கப்பட்டு, நுண்ணிய பைகளில் அடைக்கப்பட்டுக் காத்திருப்பவை. கொழுப்பாலான செய்தியாளர்கள் அவ்வாறு காத்திருப்பதில்லை. தேவை எழும் கணத்தில் சவ்விலிருந்து வெட்டியெடுக்கப்பட்டுப் புறப்படுகின்றன. அவை செல்லும் திசையும் வியப்புக்குரியது. செய்தியைப் பெற்றுக்கொண்ட நரம்பணு, அதனை அனுப்பிய நரம்பணுவை நோக்கி, 'கேட்டது போதும். சற்றுக் குறைத்துக்கொள்க' என்று திருப்பி அனுப்பும் விடை போன்றவை அவை. பணி முடிந்த சிறிது நேரத்தில் நொதிகள் அவற்றைப் பிளந்து அழித்துவிடுகின்றன.

இங்கு 'அழித்தல்' என்னும் சொல்லைக் கேட்டு அதனைத் தாழ்வாக எண்ணிவிடலாகாது. ஒரு செய்தி எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது அச்செய்தியை அழிக்கும் நொதியே. அது பணியாற்றத் தவறினால் நேர்வது என்ன என்பதை இயற்கையே சில குழந்தைகளின் வாழ்வில் காட்டியிருக்கிறது. டே-சாக்ஸ் என்னும் மரபுநோயில், நரம்பணுக்களிலுள்ள ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே செயலற்றுப் போகிறது. சிதையாத கொழுப்பு நரம்பணுக்களுக்குள் தேங்குகிறது. பிறந்து சில மாதங்கள் வரை இயல்பாக வளரும் குழந்தை, பின்னர்க் கற்ற அசைவுகளையும் பார்வையையும் ஒவ்வொன்றாக இழக்கிறது.

வயலும் வாய்க்காலும் அறிந்தவர்க்கு நொதியின் பணியை விளக்குவது எளிது. மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு நீர் பாயும் மடையை நினைத்துக்கொள்வோம். மடை திறந்திருந்தால் மேலே நீர் அளவாக நிற்கும். கீழேயும் நீர் சென்று சேரும். மடையை அடைத்தால் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழும். மேல்வயலில் நீர் தேங்கும், கீழ்வயல் வறளும். நொதி செயற்படும் மூலப்பொருளைத் தளப்பொருள் என்பர். நொதியைத் தடுத்தால் தளப்பொருள் தேங்கும். அது சிதைந்து உண்டாக வேண்டிய விளைபொருள் குறையும். தடுப்பான்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மேல்வயலை மட்டுமே பார்க்கின்றனர். கீழ்வயலையும் பார்க்க வேண்டும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தடுப்பான்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சில, தளப்பொருளைப் போன்றே உருக்கொண்டு நொதியின் கிளர்வு மையத்தில் அமர்ந்து, சிறிது நேரத்தில் விலகிவிடுகின்றன. தளப்பொருளின் செறிவு மிகும்போது அவை இடத்தை இழக்கின்றன. வேறு சில, கிளர்வு மையத்திலுள்ள அணுவோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்நொதி மூலக்கூறு இனி உயிர்பெறாது. புதிய நொதியைச் செல் உருவாக்கிக்கொண்டால்தான் மடை மீண்டும் திறக்கும். இவ்வகையை மீளாத் தடுப்பான் என்பர். ஆஸ்பிரின் மாத்திரை இவ்வகையினது. அராக்கிடோனிக் அமிலம் என்னும் 20 கார்பன் கொழுப்பமிலத்தைக் கொண்டு வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்கும் நொதியில், செரைன் என்னும் அமினோ அமிலத்தின்மீது ஆஸ்பிரின் தன் ஒரு பகுதியை ஒட்டிவிடுகிறது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று 1971இல் நிறுவிய ஜான் வேன், 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செரைன் என்னும் இப்பெயரை நினைவிற் கொள்க. இப்பாடத்தின் சிக்கல் முழுவதும் அதனைச் சுற்றியே அமைந்துள்ளது.

மூளைக் கொழுப்புச் செய்தியாளரைத் தேடிய வரலாறு, கஞ்சாச் செடியிலிருந்து தொடங்கியது. அச்செடியின் போதைக்குக் காரணமான வேதிப்பொருளை இஸ்ரேல் நாட்டு வேதியியலாளர் ரஃபேல் மெக்கோலமும் அவருடைய உடனாய்வாளர் கவோனியும் 1964இல் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தனர். ஒரு செடியின் பொருள் மூளையில் இவ்வளவு துல்லியமாகச் செயற்படுவது எவ்வாறு என்பது விடையில்லாப் புதிராக நின்றது. 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டின் ஆய்வகம், அப்பொருள் சென்று பொருந்தும் ஏற்பி எலியின் மூளையில் இருப்பதைக் காட்டியது. ஏதோ ஒரு செடிக்காக மூளை ஏற்பியை வைத்துக்கொண்டிராது. அதற்குரிய பொருளை மூளையே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த எளிய தருக்கத்தைப் பற்றிக்கொண்டு ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மெக்கோலம் குழுவினர் பன்றியின் மூளையை ஆராய்ந்து, 1992இல் அப்பொருளை அறிவித்தனர். அராக்கிடோனிக் அமிலமும் எத்தனாலமைனும் இணைந்த சிறு மூலக்கூறு அது. ஆனந்தம் என்னும் வடசொல்லோடு அமைடு என்னும் வேதிப்பெயரைச் சேர்த்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் சூட்டினர்.

பெயர் அழகியதுதான். ஆயினும், பெயரைக் கொண்டு பணியை அளந்துவிட இயலாது. வலி, பசி, நினைவு, அச்சம் எனப் பல செயல்களின் அளவைச் சீராக்கும் பொருளுக்கு இன்பம் ஒன்றையே பெயராக்கியது, பின்னர் எழுந்த மிகையான நம்பிக்கைகளுக்கும் ஓரளவு காரணமாயிற்று என்றே தோன்றுகிறது.

ஆனந்தமைடைப் பிளக்கும் நொதி கொழுப்பமில அமைடு ஹைட்ரோலேஸ் எனப்படுகிறது. ஆய்வாளர் அதனைச் சுருக்கமாக 'ஃபா' என்பர். 1996இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பெஞ்சமின் கிரவாட்டும் அவர்தம் குழுவினரும் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். கஞ்சாவின் போதைப்பொருளை ஃபா பிளப்பதில்லை. மூளை தானே உருவாக்கும் ஆனந்தமைடு தேவையான இடத்தில் தோன்றிச் சிறிது நேரத்தில் மறைகிறது. புகையாகவோ உணவாகவோ உட்சென்ற பொருளோ மூளை முழுவதும் பரவி நீண்ட நேரம் தங்குகிறது. ஒரே ஏற்பியில் பொருந்துவன என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

ஃபா மரபணு நீக்கப்பட்ட எலிகளை கிரவாட் குழுவினர் 2001இல் ஆராய்ந்தனர். அவற்றின் மூளையில் ஆனந்தமைடின் அளவு 15 மடங்கு உயர்ந்திருந்தது, வலியுணர்வு குறைந்திருந்தது. மனிதரிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு பின்னர்க் கிடைத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெண் ஒருவர், பெருவலி தரும் கை அறுவை மருத்துவத்திற்குப் பிறகும் வலிநீக்கி ஏதும் வேண்டாமல் இருந்தது கண்டு மருத்துவர்கள் வியந்தனர். ஃபா மரபணுவிலும் அதற்கு அண்மையிலுள்ள மற்றொரு மரபணுவிலும் அவருக்கு மாற்றங்கள் இருந்தமை 2019இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. அவர் கவலையும் அச்சமும் குறைந்தவர். காயங்கள் விரைவில் ஆறும். ஆனால், அடுப்பில் கை சுட்டதைக்கூடத் தோல் கருகும் மணத்தால்தான் பல நேரம் அறிந்துகொள்வாராம். வலியின்மை என்பது முழுமையான வரமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய சான்றுகளுள் முந்தியவை கிடைத்த காலத்திலேயே, ஃபாவின் மடையை அடைத்தால் போதை தராத, பழக்க அடிமைத்தனம் உண்டாக்காத வலிநீக்கி கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை பிறந்துவிட்டது. உலகின் பல மருந்து நிறுவனங்கள் தடுப்பான்களை உருவாக்கின. அவற்றுள் ஒன்று, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வருந்துவோரிடம் ஆராயப்பட்டது. மாத்திரை தன் பணியைச் செவ்வனே செய்தது, குருதியணுக்களில் ஃபாவின் செயல் ஏறத்தாழ முற்றிலும் நின்றது, ஆனந்தமைடு உயர்ந்தது. வலி மட்டும் குறையவில்லை. 2012இல் வெளியான இம்முடிவு பலரைச் சோர்வடையச் செய்தது. எனினும் அதிலிருந்து கிடைத்த ஒரு செய்தி மிகவும் முதன்மையானது. ஃபாவை முற்றிலும் அடைத்தும் அம்மருந்தை உட்கொண்டோர்க்குப் பெருந்தீங்கு ஏதும் நேரவில்லை.

ஆனந்தமைடுக்கு உடன்பிறப்பாக மூளையில் மற்றொரு செய்தியாளரும் உண்டு. அராக்கிடோனிக் அமிலம் கிளிசராலோடு இணைந்து உருவாவது அது. மூளையில் ஆனந்தமைடைவிட மிகுதியாக இருப்பது. அதனைச் சிதைக்கும் நொதி மோனோஅசைல்கிளிசரால் லைப்பேஸ். இந்த மடையை அடைத்துப் பார்த்தபோதுதான் வாய்க்காலின் இயல்பு நன்கு விளங்கிற்று. எலிகளில் இந்நொதியைத் தொடர்ந்து தடுத்தபோது, ஏற்பிகள் மேல்வயலில் தேங்கிய வெள்ளத்துக்குப் பழகிவிட்டன. நாள்கள் செல்லச் செல்ல வலிதணிக்கும் விளைவு மறைந்தது. 2010இல் வெளியானது இந்தக் கண்டுபிடிப்பு. அடுத்த ஆண்டே கீழ்வயலின் செய்தி வந்தது. எலியின் மூளையில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதற்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலத்தின் பெரும்பகுதி இந்த மடை வழியாகவே பாய்கிறது. எனவே, மடை அடைபட்டதும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் குறைந்தன. ஒரே தடுப்பால் ஒன்று தேங்கியது, மற்றொன்று வறண்டது. இரண்டுக்கும் தனித்தனி விளைவுகள் இருந்தன.

தெரிந்து தெளிவோம்

காய்ச்சலுக்கு நாம் உட்கொள்ளும் பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி உடலில் மாற்றமடைந்து மூளையைச் சென்றடைகிறது. அங்கே ஃபா நொதி அதனைப் பிளப்பதற்கு மாறாக, அராக்கிடோனிக் அமிலத்தோடு இணைத்து ஒரு புதிய பொருளை உருவாக்குகிறது. எலிவகை உயிரிகளில் நடத்திய ஆய்வின் வாயிலாக ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் 2005இல் இதனை வெளியிட்டனர். பிரிக்கும் நொதி சேர்க்கவும் வல்லது.

இனி, இப்பாடத்தின் துயரமான பகுதிக்கு வருவோம். போர்ச்சுகல் நாட்டு மருந்து நிறுவனம் ஒன்று, ஃபாவைத் தடுக்கும் புதிய பொருள் ஒன்றை உருவாக்கியது. பி.ஐ.ஏ. 10-2474 என்னும் எண்ணாலேயே அது அறியப்படுகிறது. எலி, நாய், குரங்கு ஆகியவற்றில் ஆராய்ந்த பின்னர், பிரான்சின் ரென் நகரிலுள்ள ஓர் ஆய்வு மையத்தில் நலமான தன்னார்வலர்க்கு அது கொடுக்கப்பட்டது. மொத்தம் 90 பேர் அம்மருந்தை உட்கொண்டனர். முதலில் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் அளவு படிப்படியாக 100 மில்லிகிராம் வரை உயர்த்தப்பட்டது. பின்னர் நாள்தோறும் உட்கொள்ளும் குழுக்களுக்கு 2.5, 5, 10, 20 மில்லிகிராம் என அளவு கூட்டப்பட்டது. எவர்க்கும் கடுந்தீங்கு நேரவில்லை. அடுத்த குழுவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. ஃபாவை முற்றிலும் அடைக்க அதைவிடப் பன்மடங்கு குறைந்த அளவே போதும் என்று பின்னர் ஆராய்ந்த வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். அடைபட்ட மடையின்மீது மேலும் மேலும் மண் கொட்டியதற்கு ஒப்பானது அச்செயல்.

2016 சனவரி 10ஆம் நாள் மாலை, அந்த ஆறு பேருள் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை, எஞ்சிய ஐவர்க்கும் வழக்கம்போல் மருந்து கொடுக்கப்பட்டது. அதன்பின்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது. முதலில் நோயுற்றவர் சனவரி 17இல் உயிரிழந்தார். மற்ற ஐவருள் நால்வர்க்கு நரம்பியல் பாதிப்புகள் தோன்றின. மூளையின் ஆழ்பகுதிகளில் குருதிக் கசிவும் திசுச் சிதைவும் இருந்ததைப் படப்பிடிப்புகள் காட்டின. ஒருவர் நோயுற்ற செய்தியை மற்றவர்க்கு உரிய முறையில் தெரிவித்து, தொடர விருப்பமா என்று மீண்டும் கேட்காமல் மருந்தளித்ததை அரசின் விசாரணை அறிக்கை கடிந்துரைத்தது. ஆய்வக வேதியியலில் நேரும் பிழையைவிட இந்த ஓரிரவின் பிழையே நம்மை மிகுதியும் வருத்துகிறது. வினவுவதற்கு ஓர் இரவு முழுவதும் இருந்ததே!

ஃபாவை அடைத்ததுதான் காரணமா? முன்னர்க் கண்ட மருந்து அதே மடையை அடைத்தும் தீங்கு செய்யவில்லை. எனவே, ஐயம் வேறு திசையில் திரும்பியது. புதிய பொருள் வேறு எந்தெந்த மடைகளை அடைத்தது?

இங்குதான் செரைன் மீண்டும் வருகிறது. மனித உடலில் 200க்கும் மேற்பட்ட நொதிகள், தம் கிளர்வு மையத்திலுள்ள செரைனைக் கருவியாகக் கொண்டே தளப்பொருளைப் பிளக்கின்றன. ஃபாவும் இப்பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. செரைனைப் பற்றிக்கொள்ளுமாறு உருவாக்கப்பட்ட தடுப்பான், ஒரு செரைனை மட்டும் பற்றி மற்றவற்றை விட்டுவிட வேண்டும். ஒரே கொல்லன் செய்த 200 பூட்டுகளுள் ஒன்றை மட்டும் பூட்டி மற்றவற்றில் பொருந்தாத சாவியை உருவாக்குவது போன்ற கடினமான பணி அது. இதனைத் தேர்ந்தியங்கும் தன்மை என்பர்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மரியோ வான் டெர் ஸ்டெல்ட் தலைமையிலான குழு, பிற நாட்டு ஆய்வாளரோடு இணைந்து இவ்வினாவை ஆராய்ந்தது. செயலில் உள்ள செரைன் நொதிகளை மட்டும் கவ்வும் வேதித்தூண்டில்களை அவர்கள் பயன்படுத்தினர். கிரவாட்டின் ஆய்வகத்தில் 1990களின் இறுதியில் உருவான முறை இது. தூண்டிலில் ஒளிரும் அடையாளம் பிணைக்கப்பட்டிருக்கும். தடுப்பான் ஏற்கெனவே ஒரு நொதியைப் பற்றியிருந்தால் தூண்டிலுக்கு அந்நொதி அகப்படாது. அந்த இடம் ஒளிராது. எவை ஒளிரவில்லை என்று பார்த்தாலே எந்தெந்த மடைகள் அடைபட்டன என்பது தெரிந்துவிடும். 2017இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. முந்தைய மருந்து ஏறத்தாழ ஃபாவோடு நின்றுகொண்டது. பி.ஐ.ஏ. 10-2474 கொழுப்பைச் சிதைக்கும் வேறு பல நொதிகளையும் அடைத்தது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித நரம்பணுக்களின் கொழுப்பு வளர்சிதை மாற்றத்தையே குலைத்தது. இந்தக் குலைவே உயிரிழப்புக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் அறுதியிட்டுக் கூறவில்லை; கூடும் என்றே கூறினர். அறிவியல் எழுத்தில் 'ஆகும்' என்பதற்கும் 'ஆகக்கூடும்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை மாணவர்கள் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு அடைபட்ட நொதிகளுள் ஒன்று பழைய வரலாறு உடையது. நரம்பணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைத்துச் சீர்செய்யும் அந்நொதி, 1930இல் அமெரிக்காவில் நேர்ந்த பெருந்துன்பத்தோடு தொடர்புடையது. மதுவிலக்கு நடப்பிலிருந்த அக்காலத்தில், மதுவுக்கு மாற்றாகப் பலர் இஞ்சிச் சாற்று மருந்தைக் குடித்தனர். அதில் கலப்படமாகச் சேர்க்கப்பட்ட பாஸ்பரஸ் சேர்மம் அவர்களுடைய நரம்பணுக்களில் இந்நொதியின் செரைனைப் பற்றிக்கொண்டது. குடித்த அன்று ஒன்றும் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்துக் கால்கள் செயலிழந்தன. பல்லாயிரவர் முடமாயினர். நம் வயல்களில் தெளிக்கப்படும் கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளும் செரைனைப் பற்றியே நஞ்சாகின்றன. அவை முதன்மையாகத் தாக்குவது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை. அசிட்டைல்கோலின் கொழுப்புச் செய்தியாளர் அன்று. ஆனால் மடை அடைபடும் முறை ஒன்றே. பூச்சிக்கொல்லி தெளிப்போர் முகத்தையும் கையையும் மூடிக்கொள்ள வேண்டும் என்று வேளாண் அலுவலர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ரென் நகர நிகழ்வுக்குப் பின்னர், ஐரோப்பிய மருந்து முகமை மனிதரிடம் முதன்முதலாக மருந்தை ஆராய்வதற்கான நெறிமுறைகளை 2017இல் திருத்தியது. எந்த அளவுவரை உயர்த்தலாம், எந்த அறிகுறி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்குமாறு அது வலியுறுத்துகிறது. ஃபாவைப் பற்றிய ஆய்வும் முற்றிலும் நின்றுவிடவில்லை. மூட்டுவலியில் தோற்ற அதே மருந்து, கஞ்சாப் பழக்கத்துக்கு அடிமையான ஆண்கள் 70 பேரிடம் நான்கு வாரம் ஆராயப்பட்டது. பழக்கத்தை விடும்போது தோன்றும் துன்பங்களையும் கஞ்சாப் பயன்பாட்டையும் அது குறைத்ததாக 2019இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். சிறிய ஆய்வுதான், அதன் முடிவை மேலும் பலரிடம் சோதித்துப் பார்த்தே ஏற்க இயலும்.

கற்பவை கற்றபின்

1. மடையை அடைத்தால் மேல்வயலிலும் கீழ்வயலிலும் நிகழும் மாற்றங்களை, பாடத்தில் வரும் ஏதேனும் ஒரு நொதியோடு பொருத்திப் படம் வரைந்து விளக்குக.

2. சனவரி 10ஆம் நாள் இரவு அந்த ஆய்வு மையத்தில் நீங்கள் பொறுப்பில் இருந்திருந்தால், எஞ்சிய ஐவரிடம் என்ன கூறியிருப்பீர்கள்? ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் ஊரில் பயன்படுத்தப்படும் பூச்சிக்கொல்லி ஒன்றின் உறையில் அச்சிடப்பட்டுள்ள எச்சரிக்கைகளைப் பெரியவர் துணையோடு படித்து, அவற்றை எளிய தமிழில் எழுதி வகுப்பறையில் வாசித்துக்காட்டுக.